ஸ்டோர்ஸ் சாவி

(ஓசூரில் சிறுதொழில் முனைவோர், பாலிடெக்னிக் மாணவர்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். பாலிடெக்னிக் பிள்ளைகளும் வந்திருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் புரியும்படி பேசப் பார்க்கிறேன்.

என் கையால் நடந்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட். பெயர் வேண்டாம். புஷ்ஷும் பின்னும் கடைந்து பெரிய கம்பெனிக்குக் கொடுக்கிறவர்கள். டெஸ்பாட்ச் மேசையில் ஒரு பழைய கணினி, அதில் டெபியன் லினக்ஸ். லேபிள் அடிப்பது மட்டும்தான் அதன் வேலை. பார்ட் நம்பர், ரிவிஷன், லாட் நம்பர், எண்ணிக்கை, கீழே ஒரு பார்கோடு. அந்த லேபிள் இல்லாத பெட்டியை வாங்குகிற கம்பெனியின் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

லேபிள் மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும் என்று முதலாளி கேட்டார். டெபியனின் நிலைத்த வெளியீட்டில் பழைய பதிப்புதான் இருந்தது. நான் களஞ்சியப் பட்டியலில், சோதனை வெளியீட்டுக்கான ஒரு வரியைச் சேர்த்துவிட்டு 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டினேன். திரை முழுக்கப் பெயர்கள் ஓடின. இவை புதிதாக வரும், இவை மேம்படும், இவை நீக்கப்படும் என்று மூன்று பட்டியல். கடைசியில், தொடரலாமா என்ற கேள்வி. ஒய் அழுத்தினேன். நீக்கப்படும் பட்டியலில் ஆறாவதோ ஏழாவதோ பெயராக அந்த லேபிள் பிரிண்டரின் டிரைவர் இருந்தது. நான் படிக்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு லாரி வந்தது. பிரிண்டர் பேசவில்லை. டிரைவரைத் திரும்பப் போடலாம் என்றால் அது கேட்கிற பழைய லைப்ரரி போய்விட்டிருந்தது. பழைய லைப்ரரியைக் கொண்டுவரலாம் என்றால் அதைவிடப் புதியது ஏற்கனவே உட்கார்ந்து, வேறு இருபது தொகுப்புகள் அதை நம்பி நின்றன. ஒரு பதிப்பிலிருந்து பின்னால் இறங்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. யூனிட்டில் இணையம் என்பது ஒருவருடைய கைபேசி ஹாட்ஸ்பாட். கிருஷ்ணகிரியில் என் வீட்டில் இருந்த நிறுவல் டிவிடியை எடுத்துவரப் போனேன். திரும்பி வந்து முதலிலிருந்து போட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு முதல் லேபிள் வந்தது. லாரி ஓட்டுநர் அதுவரை கேபினில் கால் மடக்கிப் படுத்திருந்தார். அவருடைய அந்த இரவுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆப்ட் அன்றைக்கு எந்தத் தவறும் செய்யவில்லை. என்ன செய்யப் போகிறேன் என்று வரிவரியாகச் சொல்லி, அனுமதி கேட்டு, பிறகுதான் செய்தது. ஸ்டோர்ஸில் இருக்கிறவர் இன்டென்டை உரக்கப் படித்துக் காட்டிய பிறகும் கையெழுத்துப் போட்டவன் நான். ஆப்ட் போன்ற தொகுப்பு மேலாளர்கள் யார், எப்படி வேலை செய்கிறார்கள், ஒருவருக்கொருவர் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வெறி அந்த இரவில் வந்ததுதான்.

ஓசூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். 1971இல் சிப்காட் தொடங்கப்பட்டு, அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் இங்கே வந்த நாளிலிருந்து இந்த ஊர் பார்ட் நம்பரில் மூச்சு விடுகிறது. ஒரு வண்டிக்கு ஆயிரக்கணக்கான உதிரிகள். ஒவ்வொன்றுக்கும் எண், ரிவிஷன், எந்த வெண்டர், எந்த லாட். எது எதற்குள் போகும் என்று ஒரு பில் ஆஃப் மெட்டீரியல். மென்பொருள் தொகுப்பு என்பதும் இதுவே. டெபியனின் தொகுப்பான ஒரு டெப் கோப்பைப் பிரித்தால் உள்ளே மூன்று உறுப்புகள்: வடிவத்தின் பதிப்பைச் சொல்கிற ஒரு துண்டுச் சீட்டு, கண்ட்ரோல் என்ற ஆவணக் கட்டு, சரக்கு. அந்தக் கண்ட்ரோல் பக்கத்தில் பெயர், பதிப்பு, பராமரிப்பாளர், இது ஓட வேறு எவையெல்லாம் வேண்டும் என்ற சார்புப் பட்டியல். நம் டிராயிங்கின் மூலையில் இருக்கிற டைட்டில் பிளாக் மாதிரி.

சரக்கைப் பிரித்து அலமாரியில் வைத்து, பதிவேட்டில் எழுதுகிறவர் டெபியனில் டிபிகேஜி. ரெட் ஹாட் என்ற மற்றொரு லினக்ஸ் குடும்பத்தில் ஆர்பிஎம். இவர்களுக்குக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. கொடுத்ததை வைப்பார்கள், குறைந்தால் 'இது இல்லை' என்று நின்றுவிடுவார்கள். பட்டியலைப் படித்து, கிடங்குக்குப் போய், துணை உதிரிகளையும் அவற்றின் துணை உதிரிகளையும் சேர்த்துக் கொண்டுவருகிறவர் வேறு ஆள். டெபியனில் ஆப்ட், ரெட் ஹாட் பக்கம் முதலில் யம், இப்போது டிஎன்எஃப், சூசே லினக்ஸில் ஸிப்பர். இந்த இரண்டு அடுக்குகளையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 'ஆர்பிஎம் மோசம், சார்புகளைத் தேடாது' என்று அந்தக் காலத்தில் சொன்னவர்கள், டிபிகேஜியோடு ஒப்பிட வேண்டியதை ஆப்ட்டோடு ஒப்பிட்டார்கள்.

காலத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1993இல் வந்த ஸ்லாக்வேரில் தொகுப்பு என்பது சுருட்டிக் கட்டிய ஒரு டார் கோப்பு. எது எதை நம்புகிறது என்பது நிறுவுகிறவரின் தலையில் இருக்க வேண்டும். அதே 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். டிபிகேஜி அடுத்த ஆண்டில் உருவெடுத்தது. ஆர்பிஎம் 1995இல் ரெட் ஹாட்டோடு வந்தது. ஆப்ட் 1999இல் டெபியன் 2.1 வெளியீட்டில் வந்தபோது நிலைமையே மாறியது. ஒரு கட்டளை, பெயர் மட்டும் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்து சேரும். இன்று கைபேசியில் செயலி நிறுவுகிற பழக்கத்துக்குப் பல ஆண்டுகள் முந்தைய விஷயம் இது.

தமிழ்நாட்டு அரசு இந்த இரண்டு குடும்பங்களையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பார்த்திருக்கிறது என்பது பலருக்கு மறந்திருக்கும். உமாசங்கர் அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-08 வாக்கில், அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. சூசே ஆர்பிஎம் குடும்பம். பிறகு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக்கில் உருவான இந்திய இயங்குதளம், 2007இல் வெளிவந்தது, டெபியனை அடித்தளமாகக் கொண்டது. ஆக டெப் குடும்பம். லட்சக்கணக்கான தமிழ்நாட்டு வீடுகளுக்குள் ஆப்ட் என்ற கருவி நுழைந்த வழி இதுதான். உங்களில் சிலர் அந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பள்ளியிலிருந்து பஸ் ஏறியவர்கள்.

உங்களில் எத்தனை பேர் பாஸைத் திறந்து பார்த்தீர்கள்? நான் இந்த மாவட்டத்தில் பார்த்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் அது தொடப்படாமல் கிடந்தது, அல்லது அழிக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். தளி பக்கத்து ஒரு கிராமத்தில் ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: "சார், விண்டோஸ்ல பிரெண்டுகிட்ட பென் டிரைவ்ல சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டுக்கலாம். இதுல எப்படிப் போடுறது?" எனக்கு அன்று சரியான பதில் தெரியவில்லை. அவன் வீட்டில் இணையம் இல்லை. ஆப்ட்டுக்குக் கிடங்கு இணையத்தில் இருந்தது. ஸ்டோர்ஸ்காரரைக் கொடுத்தோம், ஆனால் கிடங்குக்குப் போகும் சாலையைக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கணினியில் அந்தக் களஞ்சியத்தின் நகலை வைத்து, அதற்கு ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்கியிருந்தால், பிள்ளைகள் மதிய இடைவேளையில் வந்து வேண்டியதை எடுத்துப் போயிருப்பார்கள். பக்கத்தில் கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தன் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்து, பாடத்துக்கு வேண்டிய மென்பொருளை அதிலேயே சேர்த்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. நாமும் இயங்குதளத்தைக் கொடுத்தோம். கிடங்கைப் பற்றி யோசித்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, டெப், ஆர்பிஎம் இரண்டும் எங்கே வேறுபடுகின்றன? மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். பழகினால்தான் குணம் தெரியும்.

முதலில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பிரிண்டர் அமைப்புக் கோப்பை நீங்கள் கையால் திருத்தியிருக்கிறீர்கள், லேபிளின் அகலத்துக்குத் தக்கபடி. இப்போது அந்தத் தொகுப்பின் புதிய பதிப்பு வருகிறது, அதில் அதே கோப்பு வேறு மாதிரி இருக்கிறது. டிபிகேஜி நின்று கேட்கும்: நீ திருத்தி வைத்திருக்கிறாய், பராமரிப்பாளரும் மாற்றியிருக்கிறார், எதை வைக்கட்டும்? வேறுபாட்டைக் காட்டு என்று கேட்டால் வரிவரியாகக் காட்டும். ஒன்றும் சொல்லாமல் என்டர் தட்டினால் உங்களுடையதைத்தான் வைக்கும். ஆர்பிஎம் கேட்காது. தொகுத்தவர் முன்கூட்டியே எழுதிவைத்தபடி, உங்கள் கோப்பை அப்படியே விட்டுப் புதியதை 'ஆர்பிஎம்நியூ' என்ற வால் சேர்த்துப் பக்கத்தில் வைக்கும். அல்லது புதியதைப் போட்டு உங்களுடையதை 'ஆர்பிஎம்சேவ்' என்று எடுத்துவைக்கும். எது நல்லது? ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கணினியைப் பார்க்கிறவருக்கு டெபியனின் கேள்வி உதவும். இருநூறு கணினிகளை இரவில் ஆளில்லாமல் மேம்படுத்துகிறவருக்கு அந்தக் கேள்வியே தடை, அவருக்கு ஆர்பிஎம்மின் மௌனம் வேண்டும். டெபியனிலும் கேள்வியை அடக்கி வைக்க வழி உண்டு, ஆனால் அதன் இயல்பு கேட்பதுதான்.

பதிவேடும் வேறு. டிபிகேஜியின் பதிவேடு வெறும் எழுத்துக் கோப்பு. எடிட்டரில் திறந்து கண்ணால் படிக்கலாம். ஆர்பிஎம்முடையது தரவுத்தளம். நெடுங்காலம் பெர்க்லி டிபி என்ற வகையில் இருந்தது, 2020இல் ரெட் ஹாட் குடும்பத்து ஃபெடோரா 33 முதல் எஸ்கியூலைட்டுக்கு மாறியது. மேம்படுத்தல் பாதியில் மின்சாரம் போய், அந்தப் பழைய தரவுத்தளம் சிதைந்து, அதை மறுபடி கட்டி எழுப்பியவர் இந்த அரங்கில் நிச்சயம் ஒருவராவது இருப்பார். பதிலுக்கு ஆர்பிஎம் பக்கம் ஒரு வசதி: டிஎன்எஃப் ஒவ்வொரு நிறுவலையும் எண் போட்டு வரலாறாக வைக்கும், 'அந்த எண்ணைத் திரும்பப் பெறு' என்று சொல்லலாம். சூசேயில் கோப்பு முறைமையையே படம் பிடித்து வைத்து முந்தைய நிலைக்குத் திரும்பலாம். என் லேபிள் பிரிண்டர் இரவில் அது இருந்திருந்தால் லாரி ஐந்து மணிக்குக் கிளம்பியிருக்கும்.

சார்புகளைத் தீர்ப்பது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். அ வேண்டுமென்றால் ஆ அல்லது இ வேண்டும். ஈ இருந்தால் ஆ இருக்கக் கூடாது. உ இல்லாமல் இ வராது. இப்படி ஆயிரக்கணக்கான நிபந்தனைகள். எல்லாவற்றையும் ஒருசேர நிறைவு செய்யும் ஒரு கூட்டம் உண்டா என்று கண்டுபிடிப்பது கணினியியலின் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று ஐரோப்பாவின் ஈடாஸ் ஆய்வுத் திட்டம் 2006 வாக்கில் நிறுவியது. சூசேக்காரர்கள் அதை நேராக எதிர்கொண்டு, தர்க்கச் சமன்பாடுகளைத் தீர்க்கும் எந்திரத்தையே 2008இல் ஸிப்பருக்குள் வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த நூலகத்தைத்தான் டிஎன்எஃப்பும் பயன்படுத்துகிறது. ஆப்ட் தன் சொந்த வழியில், அனுபவ விதிகளால் வேகமாகப் போய், பெரும்பாலும் சரியாக வந்து சேர்ந்தது. நாம் ஒய் தட்டுகிற ஒரு நொடிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இப்போது முத்திரை விஷயம். அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. அடுத்த ஏப்ரலில் மாநிலங்களுக்கு இடையே ஈ-வே பில் கட்டாயமானது. சோதனை சாலையிலிருந்து சரக்கோடு போகிற ஆவணத்துக்கு மாறியது. டெபியன் இதைப் பத்தாண்டுகள் முன்பே செய்துவிட்டது. 2007இல் வந்த 4.0 வெளியீட்டிலிருந்து களஞ்சியத்தின் பட்டியலே மறைகுறிக் கையொப்பத்தோடு வருகிறது. பட்டியலில் ஒவ்வொரு தொகுப்பின் கைரேகை எண். சரக்கு எந்தச் சாலை வழியாக, யாருடைய நகல் களஞ்சியத்திலிருந்து வந்தாலும், வீட்டு வாசலில் ஆப்ட் கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கும். பூட்டில்லாத சாதாரண இணைப்பில் வந்தாலும் வழியில் மாற்றினால் பிடிபடும். ஆர்பிஎம்மிலோ ஒவ்வொரு பெட்டியின் மேலும் தனித்தனிக் கையொப்பம். சில பயிற்சி வகுப்புகளில் 'கையொப்பச் சோதனையை அணைத்துவிடு, வேகமாக வரும்' என்று சொல்லிக் கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முத்திரை பார்க்காமல் சரக்கு வாங்கும் பழக்கம் இந்த ஊரில் எந்த யூனிட்டிலும் கிடையாது. மென்பொருளில் மட்டும் ஏன்?

முத்திரை மட்டும் போதாது என்பதையும் 2024 மார்ச் காட்டியது. எக்ஸ்இசட் என்ற ஒரு சுருக்கும் கருவி, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருப்பது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடங்களுக்கும் மேலாக நல்ல பங்களிப்பாளராக நடந்து, நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளராகி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவை வைத்தார். டெப் அல்லது ஆர்பிஎம் தொகுப்பாகக் கட்டப்படும்போது மட்டும் அது உயிர்பெறும்படி எழுதப்பட்டிருந்தது. குறிவைத்தது நம் ஸ்டோர்ஸையேதான். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவுக் கணினியில் நுழைவதற்கு அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று விடாமல் துருவி அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் நிலைத்த வெளியீட்டுக்கு அது வந்து சேரவில்லை. சோதனை வரிசைகளிலேயே பிடிபட்டது. 'டெபியனில் எல்லாம் பழசு' என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது: அந்தத் தாமதம் ஒரு இன்ஸ்பெக்ஷன் மேசை. சரக்கு அங்கே பல மாதம் உட்கார்ந்துவிட்டுத்தான் லைனுக்கு வரும்.

ஆர்ச் லினக்ஸ் தன் மேலாளரான பேக்மேன் வழியாக அந்த மேசையைச் சுருக்கிவிட்டது. புதியது வந்த சில நாளில் உங்களிடம் இருக்கும். மாணவர்கள் கற்க நல்லது, டெஸ்பாட்ச் மேசைக்கு வேண்டாம். ஜென்டூவின் போர்ட்டேஜ் மூலநிரலைக் கொடுத்து, உங்கள் கணினியிலேயே கடைந்துகொள் என்கிறது, ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸிலிருந்து கற்ற வழி. லேத் உங்களுடையது, நேரமும் உங்களுடையது.

நிக்ஸ் என்ற தொகுப்பு மேலாளரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா செய்த ஆய்வு, 2006இல் அவருடைய முனைவர் பட்ட ஏடானது. மற்ற எல்லோரும் ஒரே அலமாரியில், ஒரு பெயருக்கு ஒரு இடம் என்று வைக்கிறார்கள். புதியது வந்தால் பழையது போகும். நிக்ஸ் ஒவ்வொரு தொகுப்புக்கும் அதைக் கட்டப் பயன்பட்ட எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு நீண்ட கைரேகையை முகவரியாகக் கொடுக்கிறது. ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகள் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் சண்டையில்லாமல் இருக்கும். மேம்படுத்தல் என்பது 'இனி இந்தத் தட்டைப் பார்' என்று கையை மாற்றிக் காட்டுவதுதான். பிடிக்கவில்லையா, கையைப் பழைய தட்டுக்குத் திருப்பு. குனூவின் குய்க்ஸ் 2012 முதல் இதே வழியில் வருகிறது. விலையும் உண்டு: வட்டில் இடம் நிறையப் போகும், அதன் மொழியைக் கற்க வேண்டும், கடைகளில் கிடைக்கும் டிரைவர்கள் எதிர்பார்க்கிற வழக்கமான இடங்கள் அங்கே இருக்காது. நான் ஒரு மாதம் முயன்றேன். டெஸ்டிங் ரிக்குக்கு மென்பொருள் எழுதுகிற ஒரு குழுவுக்கு இது வரப்பிரசாதம். லேபிள் மேசைக்கு எடுத்துப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஃபிளாட்பேக், ஸ்னாப் இரண்டும் வேறு கணக்கு. ஒரு செயலி தனக்கு வேண்டியவற்றின் பெரும்பகுதியை மூட்டை கட்டித் தானே சுமந்து வரும். எழுதியவருக்கு வசதி, எல்லா லினக்ஸிலும் ஓடும். ஆனால் 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது என்ன நடந்தது என்று யோசியுங்கள். டெபியனில் அந்த ஒரு லைப்ரரித் தொகுப்பைப் புதுப்பித்து, சேவைகளை மறுபடி தொடங்கினால், அதை நம்பியிருந்த எல்லா நிரல்களும் சரியாகின. அதே லைப்ரரியை ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் தனித்தனியாகக் கட்டி வைத்திருந்தால், ஒவ்வொரு மூட்டைக்காரரையும் தேடிப் போக வேண்டும். பாதுகாப்புப் பொறுப்பு கிடங்கிலிருந்து ஒவ்வொரு சப்ளையர் வீட்டுக்கும் போய்விடுகிறது. பைத்தானின் பிப்பும் இப்படித்தான். அதனால்தான் டெபியன் 12, இயங்குதளத்தின் பைத்தானுக்குள் பிப்பால் நேராக நிறுவ முயன்றால் மறுத்து, தனி அறை கட்டிக்கொள் என்கிறது. கோபப்படாதீர்கள், உங்கள் நன்மைக்குத்தான்.

வண்டிக்குள் இருக்கிற லினக்ஸும் நம் ஊர்ச் சங்கதிதான். போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏதரும் டிவிஎஸ்ஸும் மின் ஸ்கூட்டர் செய்கின்றன. அவற்றின் மென்பொருள் காற்றுவழியே புதுப்பிக்கப்படுகிறது. பொதுவாகப் பொறிக்குள் ஓடும் லினக்ஸில் ஒவ்வொரு தொகுப்பாக மாற்றுவதைத் தவிர்ப்பார்கள். நடுச்சாலையில் பாதியில் நின்றால் வண்டி கிடையாது. முழுப் படிமத்தையும் இரண்டாவது பகுதியில் எழுதி, சரிபார்த்து, அடுத்த தடவை அதிலிருந்து எழும்பச் சொல்வார்கள். எழவில்லையென்றால் பழையது இருக்கிறது. அந்தப் படிமத்தைக் கட்டுகிற யோக்டோ போன்ற கருவியின் வயிற்றுக்குள் பார்த்தால் மறுபடியும் டெப், ஆர்பிஎம், ஐபிகே தொகுப்புகள்தான். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கற்றால் வேலைக்குப் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி வரை தினம் பஸ்ஸில் போக வேண்டியதில்லை.

முதலாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2020 டிசம்பர் 8ஆம் தேதி, 2029 வரை பராமரிக்கப்படும் என்று எல்லோரும் நம்பியிருந்த, ரெட் ஹாட் குடும்பத்துச் சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு முடியும் என்று அறிவித்தார்கள். அதை நம்பி சர்வர் போட்டவர்கள் ஒரே வருடத்தில் இடம் மாற வேண்டி வந்தது. ராக்கி, ஆல்மா என்று இரண்டு மாற்றுகள் அந்த அதிர்ச்சியில் பிறந்தன. உங்கள் சிஎன்சி இயந்திரம் பதினைந்து, இருபது வருடம் ஓடும். அதன் பக்கத்தில் இருக்கிற கணினியின் தொகுப்புகளை எத்தனை வருடம், யார் பராமரிப்பார்கள் என்று வாங்குகிற அன்றே கேளுங்கள். ரெட் ஹாட் காசு வாங்கிக்கொண்டு பத்து வருடம் தருகிறது. டெபியன் ஐந்து வருடம், தன்னார்வலர்களும் ஆர்வமுள்ள நிறுவனங்களும் சேர்ந்த உழைப்பில். நான் டெபியனைத்தான் சொல்வேன், காரணம் அதை ஒரு கம்பெனி ஒரு காலைக் கூட்டத்தில் நிறுத்திவிட முடியாது.

அதோடு, கிடங்கை உங்கள் சுவருக்குள் கொண்டுவாருங்கள். டெபியனின் ஒரு வெளியீட்டை, உங்கள் கணினி வகைக்கு மட்டும், முழுசாக நகலெடுத்தால் ஒரு டெராபைட் வட்டில் தாராளமாக அடங்கும். டெபியன் 12இல் மட்டும் 64,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள். ஆப்ட்லி போன்ற கருவியால் இன்ன தேதியில் இருந்தபடி என்று உறைய வைக்கலாம். முதலில் ஒரு கணினியில் போட்டுப் பார்த்து, ஒரு வாரம் ஓடினால் மற்றவற்றுக்கு விடுங்கள். பழைய டிரைவர் ஒன்று உங்களுக்கு மட்டும் தேவையா, அதையும் ஒரு டெப் தொகுப்பாகக் கட்டி, அதே களஞ்சியத்தில் வையுங்கள். சார்புகளை முறையாக எழுதினால், அந்த டிரைவரை உடைக்கிற மேம்படுத்தலை ஆப்ட் முன்கூட்டியே எச்சரிக்கும்.

தொகுப்பு கட்டுவது பெரிய வித்தை இல்லை. பிள்ளைகளே, இது உங்களுக்கு. டெபியனில் தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. அச்செழுத்தைப் படிக்கும் டெசராக்ட்டின் தமிழ்த் தரவு இருக்கிறது. லிப்ரெ ஆபீஸின் தமிழ் முகப்பு இருக்கிறது. ஒரே கட்டளையில் வருகின்றன. யாரோ உட்கார்ந்து, உரிமத்தைப் படித்து, கண்ட்ரோல் கோப்பு எழுதி, பிழை வந்தபோதெல்லாம் திருத்தியதால் வருகின்றன. கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிக்கொண்டே இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு 2023 ஜனவரியில் மினி டெப்கான்ஃப் மாநாட்டையே நடத்திக் காட்டியது. விழுப்புரத்தால் முடிந்தது ஓசூரில் முடியாதா? தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் ஊர் இது. மூன்று மொழியிலும் ஷிஃப்ட் லேபிள் அடிக்கிற ஒரு மென்பொருளை நம் தேவைக்கு நாமே கட்டிக் களஞ்சியத்தில் சேர்க்க முடியும்.

அந்தப் பழைய யூனிட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். லேபிள் கணினி இப்போது டெபியன் 12. ஸ்டோர்ஸ் அலமாரியில், கேஜ்கள் வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில், ஒரு வட்டு. மேலே மார்க்கரில் தேதி எழுதியிருக்கிறது. சாவி ஸ்டோர்ஸ் அம்மாவிடம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அங்கே சேர்ந்த ஒரு பெண் பிரிண்டர் டிரைவரைத் தொகுப்பாகக் கட்டியிருக்கிறாள். கண்ட்ரோல் கோப்பைத் திறந்து காட்டினாள். மெயின்டெய்னர் என்ற வரியில் அவள் பெயர் இருந்தது. ஒரு புதிய பதிப்பு வந்திருந்தது, அதைப் போட என் முன்னாலேயே கட்டளை கொடுத்தாள். நீக்கப்படுபவை என்ற பட்டியல் வந்ததும், விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள்.

கணினியைக் கொண்டுவந்திருக்கிறேன், களஞ்சிய வட்டும் இருக்கிறது. கேள்வி கேட்க வேண்டியவர்கள் கேட்கலாம், தொகுப்பு கட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்.